முதற்கொடை

யுத்தம் வைகாசியில் முடிந்தது. ஆனி பிறந்ததும் தில்லைத்துறையில் தலைவர்கள் முளைக்கத் தொடங்கினார்கள்.

அதற்கு முந்திய இருபத்தைந்து வருடமாக அந்த ஊரில் தலைவர் என்றொரு பிராணி கிடையாது. குருக்கள்மடத்துக்குச் சற்றுத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீட்டிப் படுத்துக் கிடக்கும் ஊர் அது. யாராவது துவக்கோடு வந்து "இஞ்ச ஆர் தலைவர்?" என்று கேட்பார்கள். இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள். ஊர் ஒற்றுமையாகப் பிள்ளையார் கோயிலைக் கைகாட்டும். பிள்ளையாரும் மறுப்புச் சொன்னதில்லை. வரிசை என்று ஒன்று உண்டானால் எல்லாருக்கும் கடைசியில் நிற்கத்தான் விருப்பம். புது ஒழுங்கையால் போவதென்றால் மிதிவெடிக்குப் பயந்து முன்னால் மாட்டை விட்டுவிட்டுப் பின்னால் மனிதர் போவார்கள்.

துவக்குகள் ஓய்ந்தன. முன்னால் நிற்பதில் இனி ஆபத்தில்லை என்பது உறுதியானதும், இவ்வளவு காலமும் மாட்டுக்குப் பின்னால் நின்றவர்கள் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

இந்தச் சரித்திரம் எதுவும் கேதீஸ்வரிக்குத் தெரியாது. அவள் நாவற்குடாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற நூலக உதவியாளர். நூலகம் என்று அவள் சொல்வது ஒரு தகரக் கொட்டிலை. பழைய கட்டடத்தைச் சுனாமி கொண்டுபோன பிறகு, ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஆறு மாதப் பாவனைக்கென்று அதைப் போட்டுக் கொடுத்தது. ஆறு மாதத்துக்கு இப்போது ஐந்தாவது வருடம். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கூரைத் தகரத்தில் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும். ஒவ்வொரு மாரியிலும் ஓர் அடுக்குப் புத்தகம் பூஞ்சணம் பிடித்துச் சாகும். அவற்றை அவள் பதிவேட்டில் சிவப்பு மையால் வெட்டுவாள். மிச்சம் அறுநூற்றுச் சொச்சம். அதோடு உயர்தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்கள் ஒரு கட்டு. அந்தக் கட்டைப் பார்த்து எழுதுவதற்காக அம்பிளாந்துறையிலிருந்து கூடப் பிள்ளைகள் வாவி கடந்து வருவார்கள். இந்த மாரியைக் கொட்டில் தாங்காது என்பது ஒருமுறை எட்டிப் பார்த்த எவருக்கும் விளங்கும்.

ஆகவே அறிவித்தல் பலகையில் அவள் இரண்டு வரி எழுதினாள்: "மாரிக்கு முன் நூலகத்துக்கு ஒரு கூரை வேண்டும். இயன்றவர்கள் உதவவும்."

உதவவும் என்றுதான் எழுதினாள். வழிகாட்டவும் என்று எழுதவில்லை. இருந்தும் மூன்றாம் நாள் காலை பதினொரு பேர் வந்து இறங்கினார்கள்.

"புள்ள, இனி நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்," என்றார் முன்னால் நின்றவர். "நாங்க வழிகாட்டுறம்."

கேதீஸ்வரி பதினொரு பேரையும் எண்ணிப் பார்த்தாள். "வழிகாட்ட இத்தினை பேர் எண்டா, நடக்கிறது ஆர் சேர்?"

"நீங்கதான்."

அப்படிச் சொன்னவர் யோகராசா. ஓய்வுபெற்ற அதிபர், பிள்ளையார் கோயில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் வண்ணக்கர், தாய்வழியாக வரும் ஊர்க் குடிகளில் ஒன்றான பெரியவளவுக் குடியின் மூத்த ஆள். அவருக்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை முன்னே நிற்கப் பிரயாசைப்பட்டுக்கொண்டு நின்றவர் தங்கராசா. நெல் ஆலைக்காரர், ஐம்பது ஏக்கர் வயல் வட்டைக்குச் சொந்தக்காரர், கிணற்றடிக் குடியின் மூத்த ஆள். இருவரும் மச்சான்மார். இவர் தங்கச்சியை அவரும் அவர் தங்கச்சியை இவரும் கட்டியிருந்தார்கள். ஆகவே எந்தப் பகையையும் இரண்டு வீட்டுக் குசினிகளிலும் சமமாகப் பரிமாறிக்கொள்ள வசதியிருந்தது.

அன்றே "பொது நூலக நிதி சேகரிப்பு வழிகாட்டற் குழு" உதயமானது. உப தலைவராக இருக்க ஒருவரும் இணங்காதபடியால் இரண்டு தலைவர்கள். உபதபாற் கந்தோரில் வேலை செய்யும் சதீசன் செயலாளர். வாயிலிருந்து வருவதை இருமல் உட்பட அப்படியே கூட்டறிக்கையில் எழுதிவிடும் நேர்மையான பிள்ளை. அவனது புண்ணியத்தால்தான் கன்னியுரைகள் இரண்டும் இன்றும் கிடைக்கின்றன.

யோகராசா பேசினார்: "நான் பதவியைத் தேடிப் போனவனல்ல. பதவி என்னைத் தேடி வரும் என்று இருபது வருடமாக வீட்டு வாசலிலேயே இருந்தவன். தலைமைத்துவம் என்பது ஒரு தியாகம். அந்தத் தியாகத்தை இன்னொருவர் செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது."

தங்கராசா பேசினார்: "நான் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் பிறகு ஒரு புத்தகமும் தொட்டதில்லை. தொட்டவர்களுக்கு ஒரு எழுத்தாளரைப் பிடிக்கும், இன்னொருவரைப் பிடிக்காது. எனக்கு எல்லாரும் ஒன்று. ஆகவே பக்கச்சார்பில்லாமல் ஒரு நூலகத்தை நடத்த என்னால்தான் ஏலும்."

கைதட்டல். ஓர் இருமல். கூட்டறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.

சிக்கல் இரண்டாவது கூட்டத்தில் வந்தது. வெளியூர்க்காரிக்கு விளங்காத சிக்கல். தில்லைத்துறையில் கோயில் திருவிழா முடிந்ததும் வெற்றிலை, தேங்காய், பழம் வைத்த தட்டைக் காளாஞ்சி என்று குடிகளின் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எந்தக் குடியை முதலில் கூப்பிடுவது என்பதில் எழுபத்தாறாம் ஆண்டு தொடங்கி வழக்கு. ஒரு குடியை முதலில் கூப்பிட்டால் மற்றக் குடி தட்டை வாங்காது. சில வருடங்களில் தட்டு மூலஸ்தானத்திலேயே காய்ந்துபோகும். காளாஞ்சி வாங்குவதற்கே வரிசை இருக்கும்போது, நிதி கொடுப்பதற்கு வரிசை இல்லாமல் போகுமா?

"முதற்கொடை பெரியவளவார்ர உரிமை," என்றார் யோகராசா.

"எந்தச் சட்டத்தில கிடக்கு மச்சான்?"

"சட்டத்தில இல்ல, மச்சான். வழமையில."

"இந்த ஊரில நூலகத்துக்கு நிதி சேத்தது இதுதான் முதல்தரம். மறுகா வழமை எங்கயிருந்து வந்த?"

"முதல்தரத்திலயிருந்துதான் வழமை தொடங்கும். அதாலதான் விடேலாது."

இரு தரப்பும் விட்டுக்கொடுத்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. ஆடி மாதம், கோயில் முன்றலில் விழா. ஒரே தட்டில், ஒரே கணத்தில், இரு தலைவர்களும் தங்கள் கடித உறைகளை இடுவது. கணத்தைத் தீர்மானிக்கப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓட்டம் தொடக்கி வைக்கும் ஆசிரியர் விசிலோடு அழைக்கப்பட்டார். கேதீஸ்வரி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசில் ஊதியது. உறைகள் விழுந்தன.

"நாலு விரல் முந்தி!" என்று கத்தினது பெரியவளவுப் பக்கம்.

"விசில் ஊதக்க உங்கட ஆள்ர கை தட்டுக்குள்ளதான் கிடந்த!" என்றது கிணற்றடிப் பக்கம்.

புகைப்படக்காரரின் படங்கள் அச்சிட்டு வரும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. படத்தில் இரண்டு உறைகளுக்கும் நடுவில் கேதீஸ்வரியின் பெருவிரல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பெருவிரலுக்கு எந்தக் குடி என்று யாரோ கேட்டார்கள். உறைகள் சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் முதலாம் இலக்கத் தாளைக் கிழித்து, கோயில் நகைப்பெட்டியில் வைத்து, இரு குடிகளும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுத் திறப்பைக் கொண்டுபோயின.

ஏழாம் தீர்மானம்: முதற்கொடைப் பிணக்குத் தீரும்வரை எவரிடமிருந்தும் எதுவும் வாங்கப்படமாட்டாது.

இப்படியாக, நிதி வாங்க மறுக்கும் நிதி சேகரிப்பு இயக்கம் ஒன்று ஈழத்தின் கிழக்குக் கரையில் இயங்கத் தொடங்கியது. வாவியில் வலை வீசுகிறவர்கள் அன்றைய மீன்பாட்டில் ஒரு பங்கைத் தர வந்தார்கள். வழிகாட்டிகள் அவர்களுக்கு வந்த வழியைக் காட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் காசு அனுப்பவா என்று தொலைபேசியில் கேட்டார். அவருடைய தாய் எந்த வளவில் பிறந்தவர் என்று விசாரித்ததும் அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார். ஆவணி முடிவதற்குள் நாற்பத்துமூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இயக்கம் இவ்வளவு கட்டுப்பாட்டோடு நடப்பதையிட்டுக் குழு தன்னைத் தானே பாராட்டிக் கூட்டறிக்கையில் பதிந்துகொண்டது.

புரட்டாதியில் ஏர்னஸ்ட் வந்தார். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர், கப்பலில் வந்த போர்த்துக்கேயரின் வழிவந்தவர். தச்சுவேலை பரம்பரைத் தொழில். பழைய நூலகத்துக்கு மேசை செய்தவர் அவருடைய தகப்பன். கேதீஸ்வரியின் அறிவித்தல் எப்படியோ காதில் விழுந்து, சொந்தச் செலவில் ஆறடித் தேக்கு அலுமாரி ஒன்றைச் செய்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கதவை மூடினால் ஈ போக இடமில்லை. குழு அவசரமாகக் கூடியது.

"வாங்கிறதில எங்களுக்குச் சந்தோசம்," என்றார் யோகராசா. "எத்தனையாவதா வாங்கிற எண்டதுதான் கேள்வி. உங்கட குடி என்ன?"

"ஐயா, நான் அலுமாரி தர வந்தன். தேர் இழுக்க வரல்ல."

"எண்டாலும் ஒரு ஒழுங்கு இருக்கு," என்றார் தங்கராசா. முதற்கொடை அயலூர்ப் பறங்கியருக்குப் போய்விடக்கூடாது என்பதில் மட்டும் மச்சான்மாருக்குள் பூரண ஒற்றுமை நிலவியது. ஏர்னஸ்டின் குடியை ஆராய உபகுழு அமைந்தது. உபகுழு அவருக்கு ஒரு கடிதம் எழுதியது: "தங்கள் தாயின் தாயின் தாய்வழி முன்னோர் எந்தக் கப்பலிலிருந்து எத்தனையாவது ஆளாக இறங்கினார் என்பதற்கான அத்தாட்சியைச் சமர்ப்பிக்கவும்."

கடிதத்தை ஏர்னஸ்ட் கேதீஸ்வரிக்கு வாசித்துக் காட்டினார். "இந்த ஊர்க் கரையில முதலாவதா இறங்கினா என்ன நடக்கும் எண்டு எங்கட ஆச்சிமாருக்குத் தெரிஞ்சிருக்கும் மகள். பின்னாலதான் இறங்கியிருப்பாங்க."

அத்தாட்சி கிடைக்கும்வரை அலுமாரியை என்ன செய்வது? எட்டாம் தீர்மானம் வழிகாட்டியது: "அலுமாரியின் வருகை அறியப்பட்டது. அதன் இருப்பு ஏற்கப்படவில்லை. ஏற்கப்படும்வரை அது சுவரைப் பார்த்தபடி நிற்கும்." நாலு பேர் பிடித்து அலுமாரியைக் கொட்டிலின் மூலையில் முகம் திருப்பி வைத்தார்கள். தண்டனை வாங்கின மாணவனைப் போல அது நின்றது. பின்பக்கப் பலகையில் ஒரு கைபிடி கூட இல்லை.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மத்தியானம், எச்சரிக்கை எதுவும் இல்லாமல், முதல் மழை கொட்டியது.

தகரக் கூரை அதை மறைக்க முயலவில்லை. கேதீஸ்வரி ஒரு பொலித்தீன் விரிப்பை இழுத்துக்கொண்டு அடுக்கடுக்காக ஓடினாள். ஒன்றை மூடினால் மற்றது திறந்தது. வினாத்தாள் கட்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். அதற்குள் இரசாயனவியல் ஊறி, மை கலங்கி, அவளது சட்டையில் நீலமாக இறங்கியிருந்தது. நாளைக்கு வாவி கடந்து வரும் பிள்ளைகளிடம் எதைக் காட்டுவது? அறுநூறு புத்தகங்களும் கொள்ளக்கூடிய தேக்கு அலுமாரி மூன்றடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவள் அதன் ஓரத்தைப் பிடித்துத் தள்ளினாள். அசையவில்லை.

"தனியத் தள்ளினா இடுப்புத்தான் போகும். விடு, வாறன்," என்று வாசலில் ஒரு குரல். சீதேவிப்பிள்ளை. யோகராசாவின் மனைவி, தங்கராசாவின் தங்கச்சி. கிழமைக்கு ஒரு மர்மக்கதை மாற்ற வருகிறவர், மழைக்கு ஒதுங்கியிருந்தார்.

"தீர்மானம் போட்டிருக்காங்க மாமி..."

"அந்தத் தீர்மானம் எழுதினவர் ரெண்டு மணிக்கு என்னட்டத்தான் சோறு கேட்டு வருவார். தள்ளுகா."

இருவரும் தோளைக் கொடுத்தார்கள். எட்டாம் தீர்மானம் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பியது. அலுமாரிக்குள் தேக்கு வாசமும் காய்ந்த இருட்டும் இருந்தன. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினார்கள். முப்பத்தொரு புத்தகம் போய்விட்டது. மிச்சம் பிழைத்தது.

ஆனால் கொட்டிலின் நிலை தெரிந்துவிட்டது. தரையில் கணுக்கால் தண்ணீர். அலுமாரியின் காலை அது நக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் கேதீஸ்வரி உபதபாற் கந்தோருக்குப் போய், முத்திரை வாங்கும் யன்னலால் தலையை நீட்டினாள்.

"சதீசன், ஏழாம் தீர்மானத்தை ஒருக்கா வாசியுங்க."

வாசித்தான்.

"பிணக்கு எதில?"

"முதற்கொடையில, மிஸ்."

"முதலாம் சீட்டு எங்க?"

"நகைப்பெட்டிக்குள்ள."

"அப்ப ரெண்டாம் சீட்டிலயும் பிணக்கு இருக்கா?"

சதீசன் கூட்டறிக்கையை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினான். நேர்மையான பிள்ளை என்று முன்பே சொன்னேன். "ரெண்டாவதா குடுக்கிறதைப் பத்தி ஒரு இருமல் கூட இல்ல மிஸ். அதுக்கு ஆரும் ஆசைப்படல்ல."

அன்று பின்னேரமே சீதேவிப்பிள்ளை வந்தார். "வாவிப் பக்கம், கோயில் மண்டபத்துக்கு எதிர்ல, எனக்கொரு வளவு கிடக்கு. மேடு. வெள்ளம் ஏறாது. என்ர சீதனம், அவருக்கு அதில தேங்காய் பொறுக்க மட்டும்தான் உரிமை. எழுது."

பேனையைத் திறந்த கேதீஸ்வரியின் கை ஒரு கணம் நின்றது. அவள் அரசாங்கச் சம்பளக்காரி. குழுவை மீறி ஒரு சீட்டு எழுதினால் யோகராசா பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதுவார். அவர் எழுதும் கடிதங்களுக்கு இடமாற்றம் வருவது வழமை. சட்டையிலிருந்து இன்னும் போகாத நீல மையைப் பார்த்தாள். எழுதினாள்: இலக்கம் 2.

சற்று நேரத்தில் ஏர்னஸ்ட் வந்தார். "நான் எத்தனையாவது, மகள்?"

"நீங்களும் ரெண்டாவது."

"அப்ப மற்றாக்கள்?"

"எல்லாரும் ரெண்டாவதுதான்."

ஏர்னஸ்ட் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சீட்டை வாங்கினார்.

செய்தி பரவியது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். வலைகாரர் தோணியில் மணல் கொண்டுவந்து கொட்டினார்கள்: இரண்டாவது. களுதாவளையிலிருந்து கூரை மரத்துக்குத் தென்னஞ்சிலாகை வந்தது: இரண்டாவது. பெரியவளவு மேசனும் கிணற்றடி மேசனும் ஒரே சுவரின் இரண்டு முனையிலிருந்து கட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். காத்தான்குடியிலிருந்து மஜீட் என்ற வியாபாரி கூரைச் சீற் ஏற்றிய லொறியோடு வந்து இறங்கினார்.

"எங்கட பள்ளிவாசல்லயும் இதே குடிக் கூத்துத்தான் தங்கச்சி. எனக்கு என்ன நம்பர்? ரெண்டா? நல்ல நம்பர். எழுதுங்க."

இவ்வளவும் நடக்கும்போது குழு எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம். குழு கோயில் மண்டபத்தில் இருந்தது. எந்தக் குடிக்கு எந்தக் காலத்தில் என்ன வரிசை கிடைத்தது என்று சொல்லும் பழைய கல்வெட்டுப் பாட்டு ஒன்றை, ஒரு நாளைக்கு நாலு வரி வீதம், சண்டையும் தேநீருமாகப் பதம் பிரித்துக்கொண்டிருந்தது. வீதிக்கு மறுபக்கம் சுத்தியல் சத்தம் கேட்டபோது, குழு எழுத்தில் முறைப்பாடு செய்தது: "நூலகம் தொடர்பான ஆழ்ந்த ஆய்வுக்கு எதிரே நடைபெறும் கட்டட வேலை இடையூறாக உள்ளது. அது என்ன கட்டடம் என்பதை நாம் அறியோம். எதுவாயினும் மெதுவாகக் கட்டவும்."

மெதுவாகத்தான் கட்டினார்கள். இருபத்திரண்டு நாள் எடுத்தது.

கார்த்திகை முதற் கிழமை, சுவரில் "பொது நூலகம்" என்று எழுதி முடித்த அன்றுதான் குழு வீதியைக் கடந்து பார்த்தது. உடனே விசாரணை. மண்டபத்தில் மேசை, மேசைக்குப் பின்னால் இரண்டு தலைவர்கள், முன்னால் ஊர்.

"முதலாவதா குடுத்த ஆர்?" என்றார் யோகராசா.

"தெரியா ஐயா. நான் ரெண்டாவது," என்றார் ஒரு வலைகாரர். சீட்டைக் காட்டினார்.

"நீ?"

"ரெண்டாவது."

"அங்கால நிக்கிற நீ?"

"நானும் ரெண்டாவதுதான். எனக்கு முன்னால ஆரோ ஒரு ஆள் குடுத்திட்டுப் போறதைக் கண்டன். முகம் பாக்கல்ல."

நூற்று நாற்பது பேரை விசாரித்தார்கள். நூற்று நாற்பது பேரும் இரண்டாவது. பெரியவளவும் இரண்டாவது, கிணற்றடியும் இரண்டாவது. கடைசிச் சாட்சி எழுந்து முன்னால் வந்தார்.

"சாட்சியின் பெயர்?" என்றார் யோகராசா.

"நாப்பத்தொரு வருசமாக் கூப்பிடுறீங்க. மறந்து போச்சா?"

"இது உத்தியோகபூர்வ விசாரணை!"

"சீதேவிப்பிள்ளை. ரெண்டாவது."

"தங்கச்சி," என்று தங்கராசா இடையில் நுழைந்து குரலைத் தாழ்த்தினார். "குடி உங்கட பக்கத்தாலதானே வாற. நீ முதலாவது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. கிணற்றடிக்கு வென்ற மாதிரி. நான் விசாரணையை முடிச்சிடுறன்."

"எங்கட பக்கத்தால வாறதெண்டா அதை என்ன செய்யிறதெண்டு எங்களுக்குத் தெரியும் அண்ணன். முதலாவது உங்கட நகைப்பெட்டிக்குள்ள பூட்டுப் போட்டுக் கிடக்கு. திறந்து பாருங்க, ஆள் உள்ள இருக்கும்."

மண்டபம் சிரித்தது. இந்த ஊரில் கூட்டமாகச் சிரித்து எத்தனை வருடம் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. சதீசன் "சிரிப்பு" என்று எழுதினான்.

யோகராசா கேதீஸ்வரியைப் பார்த்துத் திரும்பினார். "புள்ள, ஆர் முதலாவதெண்டு உங்களுக்குத் தெரியும். சொல்லாட்டி நான் சபைக்கு எழுதுவன். அடுத்த மாசம் நீங்க எங்க இருப்பீங்களெண்டு யோசிச்சுப் பாருங்க."

"எழுதுங்க சேர்," என்றாள் கேதீஸ்வரி. "சபையிலயிருந்து வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன். மழை பெய்திச்சு. கூரை தேவைப்பட்டிச்சு. எல்லாரும் ரெண்டாவதா வந்தாங்க."

குழு தனியாகக் கூடி, தன் இறுதித் தீர்மானத்தை நிறைவேற்றியது: முதலாவது இல்லாமல் இரண்டாவது இருக்க முடியாது, ஆகவே கொடைகள் எவையும் வழங்கப்படவில்லை, கொடைகள் இல்லாதபடியால் கட்டடமும் இல்லை. இல்லாத கட்டடத்தைக் குழு உறுப்பினர் எவரும் பாவிக்கலாகாது. முதலில் உள்ளே கால் வைக்கும் உறுப்பினரின் குடி, தன் உரிமைகள் அனைத்தையும் இழந்ததாகக் கருதப்படும்.

தீர்மானத்தை நேரில் கையளிப்பதென்று இரு தலைவர்களும் கார்த்திகை நடுவில் ஒரு காலை புறப்பட்டார்கள். வாசலுக்கு வரவும் மழை பிடித்துக்கொண்டது. வாவிப் பக்கமிருந்து சரிந்து அடிக்கும் மழை. குடை ஒன்றுதான் இருந்தது, அதுவும் மடங்கிப் போனது. உள்ளே பிள்ளைகள் நீண்ட மர வாங்கில் நெருங்கியிருந்து வினாத்தாள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அலுமாரி கதவை விரித்துக்கொண்டு அறையைப் பார்த்து நின்றது.

"உள்ள வாங்க சேர். நனையிறீங்க," என்றாள் கேதீஸ்வரி.

யோகராசா நிலைப்படியைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். முகத்தில் அதுவரை எவரும் கண்டிராத பணிவு படர்ந்தது.

"நீங்க முதல்ல போங்க மச்சான்."

"சீச்சீ," என்றார் தங்கராசா, ஓரடி பின்வாங்கி. "வயசுக்கு மூத்தவர் நீங்க. நீங்க போங்க."

"பெரியவளவார் எப்பவும் விட்டுக் குடுக்கிறவங்க."

"கிணற்றடியாருக்கு முன்னால நிண்டு பழக்கமில்ல."

சாரல் அவர்களைத் தாண்டி உள்ளே வந்து, வாங்கின் ஓரத்திலிருந்த பிள்ளையின் கொப்பியில் தெறித்தது. பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு கேதீஸ்வரியைப் பார்த்தாள்.

கேதீஸ்வரி எழுந்து வாசலுக்கு வந்தாள். "சேர், வாறதெண்டா வாங்க. புத்தகம் நனையும்."

"நீங்க போங்க மச்சான்."

"இல்ல, நீங்க."

அவள் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

"ஆற்ர முறை?" என்று கேட்டாள்.

ஏழெட்டுக் கைகள் ஒன்றாகப் புத்தகங்களை நீட்டின. கிட்ட இருந்ததை வாங்கித் திகதி குத்தினாள்.